கட்டுப்படியாகாத வண்டி

சாமியம்மாவிடம் கேள்வி கேட்க வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. பதில் தெரியாமல் வருகிறவர்கள் ஒரு ரகம். பதிலை மடியில் முடிந்துகொண்டு வந்து, அதற்கு ஒரு 'சரி' மட்டும் வாங்கிப்போகிறவர்கள் இன்னொரு ரகம். அம்பலவாணன் இரண்டாவது ரகம். அதிலும் கொஞ்சம் முற்றின ரகம்.

அவருக்கு வேண்டிய 'சரி' இதுதான். மனைவி கமலவேணிக்கு மறதி நோய் முற்றிவிட்டது. அப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று கோயம்புத்தூரில் இருக்கிறது. அங்கே ஓர் அறை காலியாகியிருந்தது. "சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க சார், இல்லைன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம்" என்று அன்றைக்குக் காலையில்தான் போனில் சொல்லியிருந்தார்கள். அவளை அங்கே சேர்த்துவிட்டு, மிச்சக் காலத்தை மடத்திலேயே கழித்துவிடலாம் என்று அம்பலவாணன் முடிவுகட்டியிருந்தார். சாமியம்மா தலையை ஆட்டிவிட்டால் மனசு உறுத்தாது, அவ்வளவுதான்.

ஒரு மாதமாக அதைக் கேட்க வாயெடுப்பார். பிறகு மழை பெய்யுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவார்.

சாமியம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. இருந்தாலும் குரு குருதானே. கோபி டவுனுக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையில் ஓடு வேய்ந்த கட்டடம் ஒன்று, அதுதான் மடம். வாரத்தில் பாதி நாள் சாமியம்மா ஊர் ஊராகப் போய்ப் பேசுவார். கூட்டிப்போகிறவர் அம்பலவாணன். போகிற வண்டி ஒரு வெள்ளை நிற ஹைபிரிட் கார்.

பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் மடத்துக்குக் கொடுத்தது. பல வருஷம் ஓட்டி, வண்டி முனக ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு பக்தி பொங்கியது. அதைச் சொன்னால் நமக்குப் பாவம்.

அன்றைக்குக் காலை, ஈரோடு போகிற வழியில், ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. அம்பலவாணன் அதைப் பார்த்து 'சிவசிவா' என்றார். விளக்கு அதற்கெல்லாம் மசியவில்லை. கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றேவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு ஜெயசீலன் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஜெயசீலன் அந்தப் பக்கத்தில் ஹைபிரிட் வண்டிகளுக்குப் பேர்போனவர். வேலை எவ்வளவு சுத்தமோ அவ்வளவு வாய் நீளம். பின்கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார்.

"இந்தக் கம்பளி யாருங்க விரிச்சது?"

"நான்தான்" என்றார் அம்பலவாணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "சாமியம்மா உக்கார்ற இடம். வேற ஒருத்தரையும் உக்கார விடறதில்லைங்க."

"நல்லாத்தான் விரிச்சிருக்கீங்க. பேட்டரி மூக்கு மேலேயே விரிச்சிருக்கீங்க."

கம்பளியை எடுத்தார். சீட்டுக்குப் பக்கத்தில் கைக்கடக்கமாக ஒரு கம்பி வலை தெரிந்தது.

"சீட்டுக்குப் பின்னாலதாங்க பெரிய பேட்டரி இருக்கு. அதுக்குக் குளிர்ச்சியான காத்து இந்த வழியாத்தான் போகணும். உள்ளே இழுக்கிறதுக்கு ஒரு சின்ன ஃபேன் இருக்கு."

அந்த ஃபேனைக் கழற்றி எடுத்துத் தரையில் தட்டினார். காய்ந்த சாமந்தி உதிர்ந்தது. துளசி உதிர்ந்தது. குங்குமம் கலந்த விபூதிக் கட்டி ஒன்று விழுந்தது. கடைசியாக மாலை கட்டுகிற நார், ஒரு முழம், ஃபேன் இறக்கையில் சுற்றிக்கொண்டு வந்தது.

"அட கெரகமே!" என்றார் அம்பலவாணன்.

போகிற ஊரிலெல்லாம் சனங்கள் கார் ஜன்னல் வழியாக சாமியம்மா மேல் பூப்போடுவார்கள். அந்தப் பூவைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளலாமா? அபசாரம் இல்லையா? அம்பலவாணன் அந்த சீட்டைப் பெருக்கவே விட்டதில்லை. கம்பளியை மட்டும் வாரம் தவறாமல் துவைத்து விரிப்பார்.

சாமியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அப்ப இத்தனை நாளும் அர்ச்சனை நடந்தது பேட்டரிக்குத்தான்" என்றார்.

அம்பலவாணன் முகம் சுண்டிப்போயிற்று. நாலு பேர் எதிரில் வேட்டி அவிழ்ந்தவர் மாதிரி நின்றார்.

"இவரை மட்டும் சொல்லாதீங்க" என்று சாமியம்மா ஜெயசீலனைப் பார்த்தார். "வண்டிக்கும் வயசாச்சு இல்லீங்களா?"

"ஆச்சுங்க. பூ இல்லைன்னாலும் பேட்டரி என்னைக்காவது போகத்தான் போகுது. பூ கொஞ்சம் சீக்கிரமா வழியனுப்பி வெச்சுது."

"இப்ப என்ன பண்ணலாம்?"

"புது பேட்டரி போடலாம். இன்னைக்கு இந்த வண்டியை வித்தா என்ன கிடைக்குமோ, கிட்டத்தட்ட அதே தொகை அதுக்கு ஆகும். இல்லைன்னா, பேட்டரிக்குள்ள கட்டை கட்டையா அடுக்கியிருக்கு, அதுல கெட்டுப்போனதை மட்டும் மாத்தலாம். அது கம்மி. ஆனா எல்லாம் ஒரே வயசுக் கட்டைங்க. ஒண்ணை மாத்தினா ரெண்டு மாசத்துல பக்கத்துது மக்கர் பண்ணும். அதை மாத்தினா அடுத்தது. நீங்களும் வந்துக்கிட்டே இருப்பீங்க, நானும் காப்பி வாங்கிக் குடுத்துக்கிட்டே இருப்பேன்."

"பொறவு?"

"பேட்டரியோட நிக்காதுங்க. கரண்டை மாத்திக் குடுக்கிற பெட்டி ஒண்ணு முன்னால இருக்கு. பிரேக்குக்குத் தனியா ஒரு பம்ப் இருக்கு. எல்லாத்துக்கும் இதே வயசுதான். எது எப்பப் போகும்னு நான் எழுதிக் குடுக்க முடியாது."

சாமியம்மா அம்பலவாணன் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க. இது உங்க தொழிலாச்சே."

ஆமாம், அதைச் சொல்ல விட்டுப்போயிற்று. அம்பலவாணன் வேலையிலிருந்த காலமெல்லாம் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, ரிப்பேர் பண்ணலாமா, 'டோட்டல் லாஸ்' என்று எழுதி இரும்புக் கடைக்கு அனுப்பலாமா என்று சொல்வதுதான் உத்தியோகம். ரிப்பேர்ச் செலவு வண்டி விலையில் முக்கால்வாசியைத் தாண்டினால் கதை முடிந்தது. வண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டாலும் சரி, கண்ணைக் கசக்கினாலும் சரி, மனுஷன் அசைய மாட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

பூ விஷயத்தில் போன மானத்தை இதில் பிடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். குனிந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டோட்டல் லாஸுங்க சாமியம்மா. இனிமேல் இதுக்குச் செலவு பண்றது கட்டுப்படியாகாது. போட்ட காசும் போகும், வண்டியும் நிக்கும்."

சாமியம்மா மறுப்பார், 'இத்தனை நாள் சுமந்த வண்டியாச்சே' என்பார் என்று அவர் நினைத்திருந்தார். பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தார்.

"அப்ப விட்டுருங்க" என்றார் சாமியம்மா.

"விட்டுரட்டுங்களா?"

"நீங்கதானே கட்டுப்படியாகாதுன்னீங்க. எனக்கும் அப்படித்தான் படுது."

ஜெயசீலன் இடையில் புகுந்தார். "ஃபேனைச் சுத்தம் பண்ணி விளக்கை அணைச்சு விட்டேன்னு வைங்க, ஒரு பத்துப் பதினஞ்சு நாள் சத்தமே இல்லாம ஓடும். அதுக்குள்ள யார் தலையிலயாவது கட்டிட்டா நல்ல விலை வரும். ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் பண்றாங்க."

"வேண்டாமுங்க. வாங்கறவங்ககிட்ட இந்தப் பூ வரைக்கும் சொல்லுங்க."

"பூ வரைக்கும் சொன்னா எவன் வாங்குவான்? நானே எடுத்துக்கறேன். உதிரிச் சாமானுக்கு ஆகும்."

"எடுத்துக்குங்க."

சாமியம்மா வண்டிக்குள்ளிருந்து தன் துணிப்பையை எடுத்துக்கொண்டார். கம்பளியை மடித்துப் பட்டறை நாயின் மேல் போர்த்தினார். அது உடம்புக்கு முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் சாலையை நோக்கி நடந்தார். வண்டியை ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்பலவாணனுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி போனதில் வருத்தம் இல்லை. இவ்வளவு சுலபமாகவா! தன் கணக்கை சாமியம்மா அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டாரே! ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்க இதைவிட நல்ல நேரம் வராது என்று ஓடினார்.

பஸ் நிறுத்தத்தில் சாமியம்மா உட்கார்ந்திருந்தார். வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. பஸ் வருகிற அறிகுறி இல்லை.

"சாமியம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"வண்டிக்குப் போட்ட கணக்கு சரிதானுங்களே?"

"சரிதான்."

"வீட்டுலயும் அதே கணக்குத்தாங்க."

அம்பலவாணன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கமலவேணியின் மறதி, டாக்டர் கைவிரித்தது, கோயம்புத்தூர் இல்லம், சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டிய பதில், மடத்தில் தங்குகிற எண்ணம், எல்லாம்.

"சரியாகறதுக்கு வழியே இல்லைங்க. இனி இறங்குமுகந்தான். ஒண்ணைச் சமாளிச்சா அடுத்தது வருது. செலவும் அலைச்சலும் ஏறிக்கிட்டே போகுது. நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னா இப்பவே போனைப் போட்டுச் சொல்லிடுவேன்."

"இல்லத்துல சேக்கறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எத்தனையோ பேரு முடியாமத்தான் சேக்கறாங்க" என்றார் சாமியம்மா. "அவங்களால என்ன தொந்தரவு, சொல்லுங்க."

"கேஸைத் தெறந்து விட்டுட்டு மறந்துடறா. பத்த வெக்கறதே இல்லை. அன்னைக்கு நான் இல்லைன்னா வீடே போயிருக்கும்."

"பொறவு?"

"வாசலைத் தாண்டிப் போயிடறா. ஒரு நாள் மார்க்கெட்டு வரைக்கும் போயிட்டா, காலுல செருப்பில்லாம. தேடித் தேடி எம் பாதி உசுரு போச்சுங்க."

"பொறவு?"

"என்னையே தெரியலைங்க. முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம். 'நீங்க எந்த ஊருங்க, யாரைப் பாக்க வந்தீங்க'ன்னு கேக்கறா. எம் பேரைச் சொன்னா, அப்படிங்களான்னு சிரிக்கறா."

சாமியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைக்கூடப் பொறுத்துக்குவேனுங்க. இந்தச் சாப்பாட்டுத் தொல்லைதான் முடியலை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை! 'சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா.' இப்பத்தான் சாப்பிட்டேன்னு சொல்லி வாயை மூடறதுக்குள்ள மறுபடியும். கை கழுவிட்டு ஈரக் கையோட நிக்கறேன், அப்பவும் கேக்கறா. நேத்து ராத்திரி கத்திட்டேன். கையைக்கூட ஓங்கிட்டேனுங்க."

சொல்லிவிட்டு அம்பலவாணன் அழுதார். பஸ் நிறுத்தத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாக இல்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

சாமியம்மா அவர் அழுது முடிக்கட்டும் என்று இருந்தார். ஒரு பஸ் வந்தது. அவர்களுடைய பஸ்தான். சாமியம்மா எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது.

"கையை ஓங்கினீங்களே, அவங்க என்ன பண்ணினாங்க?"

"பயந்துட்டாங்க. சுவரோரமா ஒண்டிக்கிட்டாங்க." அம்பலவாணன் அதுவரை 'அவள்' என்று சொன்னவர், இப்போது மரியாதையாகச் சொன்னார். அவர் அதைக் கவனிக்கவில்லை. "சித்த நேரம் கழிச்சு வந்து மறுபடியும் அதையே கேட்டாங்க."

"நீங்க யாருன்னு தெரியலை."

"தெரியலைங்க."

"அடிக்க வந்த ஆளு வேற."

அம்பலவாணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படியிருந்தும் சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க."

"ஆமாங்க."

சாமியம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னைக்கு விடிஞ்சும் விடியாம கிளம்பி வந்துட்டீங்க. இப்ப மத்தியானமாச்சு" என்றார். "அவங்க சாப்பிட்டாங்களா?"

வேலைக்கார மாராயி வந்து போட்டிருப்பாள் என்று சொல்ல அம்பலவாணன் வாயைத் திறந்தார். மாராயி வந்தாளா என்றே அவருக்குத் தெரியவில்லை.