பிரிக்காத பை

"மாஸ்டர், எல்லாம் திரும்பி வந்துடுச்சு. நீங்க மட்டும் ஏன் வரலை?"

கொடைக்கானலில், பேரிக்காய்த் தோட்டத்து வாசலில் காரை விட்டு இறங்கியதும் உமையாள் ஆச்சி கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம் சொல்லக்கூட மறந்துவிட்டாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஜெரோம் மாஸ்டர் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து, அடிபட்ட பேரிக்காய்களைத் தனியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன வந்துடுச்சு?"

"உங்க தோள்பட்டை! அந்தச் சரிஞ்ச தோள்பட்டை! பத்திரிகை அட்டையில அதுதான். கல்யாண ரிசப்ஷன்ல அதுதான். காலேஜ் பிள்ளைக எல்லாம் அதைத்தான் போட்டுக்கிட்டுத் திரியுதுக. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஊரே உங்க கோட்டைத் தேடுது மாஸ்டர்!"

மாஸ்டர் ஒரு பேரிக்காயை முகர்ந்து பார்த்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். குருவுக்கு வயது ஐம்பத்து மூன்று. சிஷ்யைக்கு அறுபத்தொன்று. சிஷ்யையாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவள் ஆச்சி. குருவை யாரும் கேட்கவில்லை.

ஜெரோம் ஒரு காலத்தில் சென்னையில் கோட்டு தைத்தவர். வெளியே கறுப்புக் கம்பளி, உள்ளே அரக்குப் பட்டு. தோள்பட்டை மட்டும் இடது பக்கம் லேசாகச் சரிந்து நிற்கும். அதுதான் ஜெரோமின் முத்திரை என்று எழுதாத பத்திரிகை இல்லை. பணக்கார வீடுகளில் ஒன்று வாங்கி மாட்டி வைப்பது பெரிய கௌரவமாக இருந்தது. மொத்தம் எட்டே எட்டு. பிறகு ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு மலையேறிப் போய்விட்டார். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

வீடு வீடாகத் தேடி வாங்கிய அந்த எட்டும் இப்போது ஆச்சியின் அலமாரியில் இருந்தன.

"ஒண்ணே ஒண்ணு மாஸ்டர். ஒன்பதாவது. என் அளவு எடுத்து, எனக்கே எனக்குன்னு. இதுக்காகத்தான் வந்தேன். இது ஒண்ணு கிடைச்சா எனக்கு வேற ஆசையே இல்லை."

சொல்லும்போதே கைகூப்பினாள்.

மாஸ்டர் நிமிர்ந்தார்.

"பையில என்ன இருக்கு?"

"எந்தப் பையில?"

"கோட்டுப் பையில."

ஆச்சிக்குப் பெருமை பொங்கியது. "ஒண்ணும் இருக்காது மாஸ்டர். கடையில பை வாயைத் தைச்சுக் கொடுத்தீகள்ல, அந்த நூலு அப்படியே இருக்கு. எட்டுலயும். வாங்கும்போதே அதைப் பார்த்துத்தான் வாங்குவேன். நூல் பிரிஞ்சது எனக்கு வேண்டாம்."

"ஓ," என்றார் மாஸ்டர்.

பிறகு மறுபடி பேரிக்காய்.

ஆச்சி காத்திருந்தாள். மஞ்சு வந்து தோட்டத்தை மூடியது, விலகியது. டிரைவர் இரண்டு டீ குடித்துவிட்டான். போகும்போது ஒரு பை நிறையப் பழம் கொடுத்தார்.

*

சென்னையில் கண்காட்சிக்கு நாள் குறித்தாகிவிட்டது. எட்டு கோட்டுக்கும் எட்டு கண்ணாடிப் பெட்டி. ஏற்பாடு செய்தவன் நிவேதன் என்ற கெட்டிக்கார இளைஞன்.

"தம்பி, பையைப் பிரிச்சா என்ன ஆகும்?"

நிவேதன் பதறிப்போனான். "ஐயோ ஆச்சி! பிரிக்காத வரைக்கும்தான் அது பொக்கிஷம். பிரிச்சீங்கன்னா பழைய கோட்டு. ஜெரோம் கை வச்சது ஜெரோம் கை வச்சபடியே இருக்கணும்."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மனசு கேட்கவில்லை. சாப்பிடும்போது பையில என்ன இருக்கு. சாமி கும்பிடும்போது பையில என்ன இருக்கு. மூன்று நாள் பொறுத்தாள்.

நான்காம் நாள் காலை, அலமாரியைத் திறந்து முதல் கோட்டை எடுத்தாள். நகம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு நூலை வெட்டினாள்.

உள்ளே நான்காக மடித்த மெல்லிய காகிதம். கையெழுத்து மாஸ்டருடையது.

"தோள்பட்டை இன்னும் முடியலை. தற்காலிகமா ஓட்டுத்தையல்தான் போட்டிருக்கேன். ஒரு மாசம் போட்டுட்டு வாங்க. உங்க உடம்பு பழகின பிறகு முடிச்சுத் தரேன்."

ஆச்சி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது கோட்டைப் பிரித்தாள். அதே காகிதம். மூன்றாவது. நான்காவது. எட்டிலும் அதே எழுத்து.

சரிந்த தோள்பட்டை. ஜெரோமின் முத்திரை. பத்திரிகை அட்டை. ஊரே தேடும் மோஸ்தர்.

முடிக்காத தையல்!

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன ஆச்சிக்கு. எட்டுப் பேர் வாங்கினார்கள். எட்டுப் பேரும் மாட்டி வைத்து அழகு பார்த்தார்கள். ஒருத்தர்கூட ஒரு கைக்குட்டையை வைப்பதற்காகவாவது பையைப் பிரிக்கவில்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மனுஷன் எத்தனை நாள் வாசலைப் பார்த்திருப்பார்!

அன்றைக்கே ஒரு கோட்டைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டாள்.

அது அக்னி நட்சத்திரம்.

"என்ன ஆச்சி, காய்ச்சலா?" என்றாள் கீரைக்காரி.

"ஊட்டி பஸ் இங்க நிக்காதும்மா," என்றான் ஒரு ஆட்டோக்காரன்.

வியர்த்துக் கொட்டியது. ஆச்சி கழற்றவில்லை. கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனாள்; பையில் விபூதிப் பொட்டலம் சேர்ந்தது. பேங்குக்குப் போட்டுக்கொண்டு போனாள். அங்கே ஏசி இருந்தது, சொர்க்கமாக இருந்தது. காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் வத்தக்குழம்பு கோட்டின் வலது கையில் சொட்டியது. "ஐயோ, முருகா!" என்றாள். பிறகு துடைத்துக்கொண்டு பாயசம் வாங்கினாள்.

சிக்னலில் ஸ்கூட்டரில் நின்ற ஒரு பெண் கத்தினாள்: "ஆன்ட்டி, செம்மையா இருக்கு! எங்க வாங்குனீங்க?"

"இன்னும் முடியலைம்மா!" என்று ஆச்சியும் கத்தினாள். பதினாறு வயசு திரும்பின மாதிரி இருந்தது.

கண்காட்சி ஏழு கோட்டோடு திறந்தது. எட்டாவது பெட்டி காலியாக நின்றது. நிவேதன் ஆச்சியோடு பேசுவதை நிறுத்திவிட்டான். திறப்பு விழாவுக்கு அவள் எட்டாவது கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

*

முப்பத்தோராம் நாள் மலையேறினாள்.

மாஸ்டர் ஏணியில் நின்று மரத்தில் காய்ந்த கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

கோட்டைப் பார்த்தார்.

குழம்புக் கறை. முழங்கையில் சுருக்கம். பை வாய் தொளதொளத்து, உள்ளே மூக்குக்கண்ணாடிக் கூடு, சில்லறை, விபூதி.

அவர் ஏணியிலிருந்து இறங்க வெகுநேரம் ஆயிற்று. இறங்கினவர் நேராக வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் ஒரு பிஸ்கட் டப்பா. மூடி துருப்பிடித்திருந்தது. கல்லில் தட்டித் திறந்தார். சாக்கட்டி, குண்டூசி, அளவு நாடா. ஒன்றும் தொலையவில்லை.

"நேரா நில்லுங்க."

நின்றாள்.

மாஸ்டர் அவளைச் சுற்றி வந்தார். ஒரு தரம். இரண்டு தரம். அவர் கண் கலங்கியிருந்தது, மறைக்க முயலவில்லை.

"கைப்பையை எப்பவும் இடது தோள்லதான் மாட்டுவீங்களா?"

"ஆமா மாஸ்டர். நாப்பது வருஷமா."

"அதான். கையைத் தூக்குங்க."

தூக்கினாள். அத்தனை விலை போன கோட்டின் தோளில் மாஸ்டர் சாக்கட்டியால் பளிச்சென்று ஒரு கோடு கிழித்தார்.

"மாஸ்டர், ஒன்பதாவது எனக்கு வேண்டாம்."

"தெரியும்."

வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டார்.

"அங்க கண்ணாடிப் பெட்டியில இன்னும் ஏழு இருக்கு. அதுகளையும் முடிச்சுக் கொடுப்பீகளா?"

"கூட்டிட்டு வாங்க."

"கோட்டையா?"

"ஆளை."

சிக்னலில் கத்தின அந்த ஸ்கூட்டர்க்காரியின் முகம் ஆச்சியின் கண்ணுக்குள் வந்தது. கூடவே கீரைக்காரியின் முகமும். கைகால் பரபரக்க, மாஸ்டர் ஊசி குத்துவதையும் மறந்து, பையிலிருந்து போனை எடுத்து நிவேதன் நம்பரைத் தட்டினாள்.

"தம்பி, அந்தப் பெட்டிகளோட சாவி யார்கிட்ட இருக்கு?"

"அசையாதீங்க," என்றார் மாஸ்டர்.