புங்கமரம் மருதாயிக்குக் கொடுத்த வாக்கு

சர்ரக்... சர்ரக்... சர்ரக்...

அந்தக் காலத்தில், மரங்களுக்கு வாயும் காலும் இருந்தபோது, வெள்ளைக்கரடு என்ற ஊர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதில் விழுந்துவிடும். மலை திரும்பும்போதே இந்தச் சத்தம் கேட்கும். அத்தனை வாசலிலும் விளக்குமாறு ஓடிக்கொண்டிருக்கும் சத்தம்.

வாசல் சுத்தத்தில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சோற்றைத் தரையில் கொட்டி அள்ளித் தின்னலாம், பல்லில் மண் படாது. ஒரு சருகு கிடந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். சருகே விழாமலிருக்க என்ன வழி? மரத்தை வெட்டினார்கள். அப்பன் காலத்திலேயே வேம்பு போனது, புளி போனது, ஆல் போனது. கடைசியாக நின்ற பூவரசை வெட்டியவன் சடையன். புதுப் பெண்டாட்டி மருதாயி குனிந்து குனிந்து கூட்டுகிறாளே என்ற பிரியத்தில் வெட்டினான். மருதாயிக்கு அன்றைக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஊர் மழித்த தலை போலப் பளபளத்தது. ஆனால் அங்கே நாற்பது வயதைத் தாண்டியவர் யாரும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் சித்திரை வெயில் வந்து, மூச்சு இரைக்கிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போகும். பேரப்பிள்ளையைக் கையில் வாங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது. மனிதருக்கு விதித்தது அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அழக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

சடையனுக்கு அந்த வருஷம் நாற்பது. கார்த்திகையிலிருந்தே நெஞ்சு சீழ்க்கை அடித்தது. மகள் குயிலி மலைக்கு அந்தப் பக்கம் தோப்பூரில் வாக்கப்பட்டு, வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். வைகாசியில் பேறு. சித்திரையைத் தாண்டினால் சடையன் பேரப்பிள்ளையைப் பார்ப்பான். தாண்டுவானா? மருதாயிக்கு வேறு நினைப்பே இல்லை.

மாசி பிறந்ததும், மகளுக்கு வளையல் போட்டுப் பிரசவத்துக்குக் கூட்டி வர முதல்முறையாகத் தோப்பூர் போனாள். போன இடத்தில் வாய் பிளந்து நின்றாள். நரைத்த தலைகள்! ஒன்றா இரண்டா, தெருவெல்லாம். பல் போன இரண்டு பேர் மரத்தடியில் ஆடுபுலி ஆட்டம் ஆடியபடி ஒருவரை ஒருவர் வைதுகொண்டிருந்தார்கள்.

"சம்பந்தி, இவங்களுக்கு என்ன வயசு?"

சம்பந்தி நல்லாண்டி தலையைச் சொறிந்தார். "இந்தப் பக்கம் இருக்கிறது எங்கப்பன். எண்பது இருக்கும். அந்தப் பக்கம் அவருக்குச் சித்தப்பா. ஏன் தாயி?"

"என்ன திங்கிறாங்க?"

"நீங்க குடிக்கிற அதே கம்பங்கூழுதான். குடிச்சிட்டு மரத்தடியில கிடப்பாங்க. காலையில தோப்பைச் சுத்தி நடப்பாங்க, மத்தியானம் தூங்குவாங்க, சாயங்காலம் சண்டை போடுவாங்க."

தெருவெல்லாம் மரம். மரத்தடியெல்லாம் சருகு. மருதாயிக்குக் கை ஊறியது. பேச்சோடு பேச்சாக ஒரு விளக்குமாற்றை எடுத்துச் சம்பந்தி வாசலைக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். கூட்டி நிமிர்ந்தால் பின்னால் நாலு சருகு. திரும்பிக் கூட்டினால் தலைமேல் நாலு. மேலே யாரோ சிரித்தார்கள்.

வாசலில் நின்ற புங்கமரம்தான். "ஏ பொம்பளே, இடுப்பு ஒடிஞ்சிரப் போகுது. செத்த நேரம் உக்காரு."

உட்கார்ந்தாள். மலையேறி வந்த சூடு மெல்ல மெல்ல இறங்கியது. மூச்சு சீராக வந்தது. இத்தனை வருஷமாகத் தன் மூச்சு சீராக இல்லை என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் சட்டென்று எழுந்தாள்.

"புங்கா, என் வீட்டுக்காரருக்கு மூச்சு இரைக்குது. உன் நிழலைக் கொஞ்சம் கொடு. பாயாட்டம் சுருட்டிக்கிட்டுப் போறேன்."

"நிழல் தனியா வராது. நானே வரணும். வந்தா இலை கொட்டுவேன். உங்க ஊர்ல கோடாலியும் கையுமா நிக்கிறாங்களாமே?"

"தினம் பத்துப் பத்தாக் கொட்டினா நிப்பாங்கதான். மாசியில ஒரே நாள்ல மொத்தத்தையும் கொட்டிடு. நானும் ஒரே நாள்ல கூட்டிடறேன்."

"அப்புறம் சித்திரை வெயில்ல அம்மணமா நிக்கிறதா? உன் வீட்டுக்காரனுக்கு ஏது நிழல்?"

"சித்திரைக்கு முந்தியே துளிர்த்துக்கோ."

"நல்லா இருக்கே! எல்லா மரமும் மழைக்குக் காத்துக் கிடக்கும், நான் மட்டும் நெருப்புல கொழுந்து விடணுமா? தண்ணிக்கு எங்கே போவேன்?"

"நான் ஊத்துறேன்."

மரம் அவளை மேலும் கீழும் பார்த்தது. பிறகு, சேற்றிலிருந்து காலை எடுப்பது போல, வேர்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டது.

அன்று சாயங்காலம் வெள்ளைக்கரட்டில் அத்தனை விளக்குமாறும் நின்றுவிட்டன. முன்னால் மருதாயி. பின்னால் புங்கமரம். அதன் தாழ்ந்த கிளையில், பல்லக்கில் வருகிறவள் மாதிரி, குயிலி.

"ஏன் மதினி," என்றாள் பக்கத்து வீட்டு ராக்காயி, "சம்பந்தி வீட்டுல மாடு கொடுப்பாங்க, கன்னு கொடுப்பாங்க. உங்களுக்குக் குப்பையைக் கொடுத்து விட்டாங்களாக்கும்?"

"ஆமாடி, நிறையவே கொடுத்தாங்க. உனக்கும் ஒரு கூடை அள்ளித் தரேன்."

மரம் சொன்ன சொல் தவறவில்லை. மாசிக் கடைசியில் ஒரு காலை, உடம்பைச் சிலிர்த்து ஒட்டுமொத்தமாகக் கொட்டித் தீர்த்தது. விடியலில் குனிந்த மருதாயி விளக்கு வைக்கும் நேரத்தில் நிமிர்ந்தாள். ராக்காயி வந்து ஒரு சருகாவது கிடக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆனால் பங்குனியிலேயே வெயில் முந்திக்கொண்டது. மரம் எலும்பாக நின்றது. ஊற்று வற்றி, வீட்டுக்கு நாளைக்கு ஒரு குடம் என்றாகிவிட்டது. மரத்துக்கு ஊற்ற மிச்சம் ஏது? சடையனின் மூச்சு ஊதுகுழல் போல இரைந்தது.

ஒரு மத்தியானம் அவன் கோடாலியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"எனக்கு இன்னும் நாலு நாளுதான், மருதாயி. இந்தக் கட்டையை வெட்டிப் போட்டுட்டுப் போறேன். குயிலி பிரசவத்துக்கு வெந்நீர் போட விறகாவது ஆகும்."

"கோடாலியைக் கீழே வை."

"ஊரே சிரிக்குது, புள்ள."

மருதாயி உள்ளே போய் அன்றைய குடத்தை இடுப்பில் தூக்கி வந்தாள். குடிக்க, கூழ் காய்ச்ச, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். சடையன் "ஏய்! ஏய்!" என்று கத்தக் கத்த, வேரடியில் கவிழ்த்தாள். மண் ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

சத்தம் கேட்டு ராக்காயி ஓடி வந்தாள். காலிக் குடத்தைப் பார்த்தாள். வாய்க்கு வந்தபடி வைதாள். வைதுகொண்டே வீட்டுக்குப் போய் அரைக் குடம் தண்ணீரோடு திரும்பினாள். "உனக்குப் பைத்தியம் பிடிச்சா, வாயும் வயிறுமா இருக்கிற புள்ளையும் நாக்கு வறண்டு கிடக்கணுமா? பிடி!"

மூன்றாம் நாள் கிளை நுனியில் செம்பு நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. மறுநாள் நூறு பொட்டு. கம்பு கழுவிய தண்ணீர், கை கழுவிய தண்ணீர், எதையும் மருதாயி வீணாக்கவில்லை. நிழல் முறத்தளவு ஆனது, பாயளவு ஆனது, சித்திரை பிறந்தபோது பந்தலாகவே விரிந்துவிட்டது. சடையன் கட்டிலை அதன் கீழே போட்டுப் படுத்தான். பத்தாம் நாள் அவன் நெஞ்சில் சீழ்க்கை கேட்கவில்லை. குறட்டைதான் கேட்டது.

பிறகு ஊர் வந்தது. நேராக வருமா? ராக்காயி அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்து, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாள் உப்பு வாங்க வந்தாள். அதற்கடுத்த நாள் எதுவும் வாங்காமலேயே வந்தாள். மூச்சு இரைக்கிறவர்களையெல்லாம் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

அப்போது மரம் பூக்க ஆரம்பித்தது. வாசல் முழுக்கப் பொரி பொரியாகக் கொட்டியது.

"ஏ புங்கா! என்ன இது? பேச்சு மாறுறியா?"

"இலையைப் பத்தித்தானே பேசினோம்? பூவைப் பத்தி நீ வாயே திறக்கலையே," என்றது மரம்.

ராக்காயி விளக்குமாற்றை எடுத்தாள். பூவைப் பார்த்தாள். விளக்குமாற்றைத் திரும்ப வைத்துவிட்டாள். ஊரே சிரித்த சிரிப்பில் இன்னும் கொஞ்சம் பூ உதிர்ந்தது.

சித்திரை கழிந்தது. அந்த வருஷம் ஊரில் ஒரு சாவு இல்லை.

வைகாசி மூன்றாம் நாள், தொட்டில் கட்டுவதற்காகச் சடையன் மரத்தடியில் கற்றாழை நார் திரித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே பிள்ளை அழுதது. மருதாயி துணியில் சுற்றி எடுத்து வந்தாள். "பேத்திய்யா."

அவன் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு வாங்கினான். ஊர் கூடிவிட்டது. பிள்ளையைப் பார்க்க இல்லை. பேத்தி எடுத்த மனுஷன் எப்படி இருப்பான் என்று பார்க்க.

"எப்படிண்ணே இருக்கு?" என்றாள் ராக்காயி.

சடையன் பிள்ளையை மார்போடு சாய்த்துக்கொண்டான். "மேலெல்லாம் நனைச்சுட்டா," என்றான், உலகத்தில் யாருக்கும் கிடைக்காத மரியாதை தனக்குக் கிடைத்துவிட்டது போல.

மறுநாளே வீட்டுக்கு ஒருவராக, ஆளுக்கொரு மரம் கேட்டுத் தோப்பூருக்குக் கிளம்பினார்கள். புங்கமரம் மாசியில் மொத்தமாக உதிர்ந்து, மற்றவை வாடும் சித்திரையில் கொழுந்தும் பூவுமாக நிற்பது அன்று முதல்தான். வாசலில் ஒரு மரம் வைத்து, கழுவிய தண்ணீரை அதன் காலில் ஊற்றி, அதனடியில் உட்கார்ந்து வெள்ளைக்கரட்டு மனிதர்கள் பேரன் பேத்தி எடுப்பதும் அன்று முதல்தான்.

பேத்தி பிறந்த அன்று, ஊர் கலைந்ததும், மருதாயி பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தொட்டில் கயிறு இன்னும் இரண்டு முழம் குறைந்தது. சடையன் நாரைத் தொடையில் வைத்துத் திரிக்க ஆரம்பித்தான்.