முள்ளோடு வா

காட்டாற்றின் நடுவே ஒரு மேட்டுத் திட்டு இருந்தது. முள்ளி என்ற முள்ளம்பன்றியும், ஒரு முயலும், ஒரு கீரியும் அதில் வளை தோண்டிக் குடியிருந்தன. கோடையில் ஆறு வற்றிவிட்டால் மூன்றும் நடந்தே கரைக்குப் போய்வரும்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலை, மலைமேல் கொட்டிய மழையில் ஆறு திடீரென்று பெருகியது. வளைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மூன்றும் திட்டின் உச்சிக்கு ஓடின. எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்மண் கலந்த வெள்ளம். பெரிய பெரிய மரங்கள் வேரோடு மிதந்து போயின.

அப்போது அக்கரையிலிருந்து ஒரு யானை தண்ணீரில் இறங்கி வந்தது. வெள்ளம் அதன் கழுத்தைத் தொட்டது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. திட்டருகே வந்து நின்று, பயப்பட வேண்டாம், மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கரை சேர்க்கிறேன் என்றது. முயல் உடனே துதிக்கையில் தாவி ஏறிக்கொண்டது.

முள்ளி மட்டும் ஒரு பாறைக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது. அதற்குக் காரணம் இருந்தது. போன கோடையில் இதே யானை, திட்டருகே குழியில் தேங்கியிருந்த தண்ணீரைக் குடிக்க வந்தது. தன் வளையை மிதிக்கத்தான் வருகிறது என்று நினைத்த முள்ளி, பின்பக்கமாகப் பாய்ந்து அதன் காலில் முள்ளை ஏற்றிவிட்டது. பாவம், யானை வளையைத் தொடக்கூட இல்லை, அந்த வழியாகப் போனது அவ்வளவுதான். காயம் சீழ் வைத்து, இரண்டு மாதம் நொண்டியது. முதலில் முள்ளி அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தது. யானை நொண்டி நடப்பதை நேரில் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை.

ஏன் ஒளிந்துகொண்டாய், யானையின் பலத்தில் சந்தேகமா என்று கீரி கேட்டது.

"சந்தேகமே இல்லை. அது எதையும் சுமக்கும். என்னைச் சுமக்குமா என்றுதான் தெரியவில்லை" என்றது முள்ளி.

கீரி என்ன சொல்லியும் முள்ளி அசையவில்லை. யானை திரும்பி வந்து கீரியையும் கொண்டுபோனது. திட்டில் முள்ளி தனியாக நின்றது. தண்ணீர் பாறையின் அடியைத் தொட்டது. முள் இல்லாமல் நின்றால் ஒருவேளை யானை இரக்கப்படும் என்று அதற்குத் தோன்றியது. தன் முதுகைத் தானே வளைத்து, பல்லால் கடித்து முட்களைப் பிடுங்கத் தொடங்கியது. ஐந்தாறு முட்கள்தான் வந்தன. அதற்குள் ரத்தம் கசிந்தது. அழுகையும் வந்தது.

மூன்றாம் முறையாக யானை வந்தது. பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

"என்ன செய்கிறாய் முள்ளி?"

"உங்களுக்குக் குத்தாமல் இருக்கட்டும் என்று பிடுங்குகிறேன். ஐயா, உங்கள் காலில் குத்தியது நான்தான்."

"தெரியும். தெரிந்துதான் வந்தேன்."

முள்ளி வாயில் கவ்வியிருந்த முள்ளைக் கீழே போட்டது.

"எல்லா முள்ளையும் நீ பிடுங்கி முடிப்பதற்குள் வெள்ளம் உன்னை அடித்துக்கொண்டு போய்விடும். மூன்று பேரையும் கரை சேர்ப்பதாகச் சொன்னேனே. முள்ளோடு வா" என்றது யானை.

தண்ணீர் முள்ளியின் வயிற்றைத் தொட்டது. யானையின் கண்ணை அது ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு நான்கு கால்களையும் தரையிலிருந்து எடுத்துத் துதிக்கைக்குள் தன்னை விட்டுவிட்டது.

யானை அதை மெல்லச் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தது. நடு ஆற்றில் ஒரு பெரிய மரம் சுழன்று வந்து யானையின் தோளில் மோதியது. முள்ளி பதறிப்போனது. பயந்தால் முட்கள் தாமாக விறைத்துக்கொள்ளும். அதை அடக்க அதற்குத் தெரியாது. அத்தனையும் துதிக்கையில் ஏறின. ரத்தம் சொட்டித் தண்ணீரில் கலந்தது.

இப்போது விட்டுவிடும் என்று முள்ளி கண்ணை மூடிக்கொண்டது. யானை விடவில்லை. பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு அடுத்த அடியை வைத்தது. அப்புறம் அடுத்த அடி. முள்ளியின் நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. விறைத்த முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. தன் பாரம் முழுவதையும் அது துதிக்கையின் மேல் சாய்த்துக்கொண்டது.

கரையில் முயலும் கீரியும் கத்திக்கொண்டு ஓடிவந்தன. யானை முள்ளியைப் புல்லில் இறக்கிவிட்டது. முள்ளி முதல் வேலையாகத் துதிக்கையில் தைத்திருந்த முட்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பல்லால் எடுத்தது. இடையிடையே மன்னிப்புக் கேட்டது. அதெல்லாம் அப்போதே முடிந்த விஷயம் என்று யானை சொல்லிவிட்டது. கடைசி முள்ளையும் எடுத்ததும், அத்தனை நாளும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினாற்போல ஒரு நீண்ட மூச்சு வந்தது. யானையின் காலடியிலேயே சுருண்டு படுத்து, அந்த ஈரப் புல்லில் முள்ளி அயர்ந்து தூங்கிப்போனது.

கடவுளால் எல்லாம் முடியும் என்று ஒப்புக்கொள்வது எளிது. நம் குறைகளை அறிந்தே "வா" என்று அழைக்கிற அவருடைய சொல்லை நம்பி, இருக்கிறபடியே நம்மை அவர் கையில் விட்டுவிடுவதுதான் விசுவாசம்.