கிளம்பத்தான் வரவில்லை

"எனக்கு ஓட வருது. கிளம்பத்தான் வரல" என்றாள் தாரணி.

அமலோற்பவம் ஓடுதளத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கோட்ட மிதிக்காதீங்க."

தாரணி தள்ளி நின்றாள்.

தாரணி நடிகை. அமலோற்பவம் அவள் நடிக்கும் படத்தின் கதை. உப்பளத்துக் கூலியின் மகளாகப் பிறந்து, நாட்டிலேயே வேகமான பெண் என்று பெயர் வாங்கி, இப்போது மாவட்ட மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் படத்தில் தாரணி பதினாறு வயதுப் பெண்ணாக வர வேண்டும். சினிமாவில் அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, மேக்கப் பார்த்துக்கொள்ளும்.

மேக்கப்பால் ஆகாத காரியம் ஒன்று இருந்தது. துப்பாக்கி வெடித்ததும் அமலோற்பவம் கிளம்புகிற விதம். பழைய வீடியோக்களில் பார்த்தால் மற்றவர்கள் இன்னும் குனிந்திருப்பார்கள், இவள் மட்டும் போய்க்கொண்டிருப்பாள். கடவுள் கொடுத்த வரம் என்று பத்திரிகைகள் எழுதின. கடவுளும் மறுப்பு அனுப்பவில்லை.

தாரணிக்கு அது வாய்க்கவில்லை. வெடி காதில் விழும். அது மூளைக்குப் போகும். மூளை கொஞ்சம் யோசிக்கும். அப்புறம்தான் கால் எழும்.

"வியாழக்கிழமை அந்த சீன். அதுக்குள்ள வரலன்னா டூப் போட்டு எடுத்துடுவேன்னு டைரக்டர் சொல்லிட்டார்."

"எடுக்கட்டுமே. உங்களுக்கு என்ன போச்சு?"

"இத்தனை வருஷமா என் முகத்தை மட்டும்தான் மேடம் எடுத்திருக்காங்க. இந்த ஒரு படத்துலயாவது நான் முழுசா இருக்கணும்."

அமலோற்பவம் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தாள். முதன்முதலாக அவளை நன்றாகப் பார்த்தாள்.

"போய் பிளாக்ல உக்காருங்க."

தாரணி இரும்புக் கட்டையில் காலை ஊன்றி, விரல்களைக் கோட்டில் வைத்துக் குனிந்தாள்.

அமலோற்பவம் கை தட்டினாள்.

தாரணி பாய்ந்தாள்.

"லேட்டு."

திரும்பவும் தட்டினாள்.

"லேட்டு."

வெயில் ஏறும்வரை அதேதான் நடந்தது. தாரணியின் முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. அமலோற்பவம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நீங்க கை தட்டுறதக் கேட்டு ஓடுறீங்க" என்றாள் கடைசியில்.

"கேக்காம எப்படி ஓடறது?"

"கேட்டுட்டு ஓடினா லேட்டு."

தாரணிக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"உங்களுக்கென்ன மேடம், உங்க அப்பா சொல்லிக் கொடுத்தாரு. தினமும் காலையில கேப் துப்பாக்கி வெடிச்சு வெடிச்சுப் பழக்கினாரு. சீனே அதுதானே."

"அப்படியா எழுதியிருக்கு?"

"நீங்க படிக்கலையா?"

"இல்ல. எங்க ஐயாதான் டைரக்டருக்குக் கதை சொன்னாவ. நான் கையெழுத்து மட்டும் போட்டேன்."

"உங்களுக்கு ஷூ வாங்கறதுக்காக சைக்கிளை விப்பாரே, அது?"

"சைக்கிள வித்தது நெசம்."

அமலோற்பவம் வாளியை எடுத்துக்கொண்டாள். விட்ட இடத்திலிருந்து கோட்டைத் தொடர்ந்தாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. வெறும் வயித்தோட வாங்க" என்றாள்.

அமலோற்பவத்தின் வீடு ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். தாரணியை முன்வாசலுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார வைத்தாள். தட்டில் சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினாள்.

"நான் வெளிய போயிட்டு வருவேன். நீங்க சாப்பிட்டுக்கிட்டே இருங்க. திரும்பிப் பாக்கக் கூடாது."

"சரி."

"உக்காரணும்னா உக்காருங்க. ஓடணும்னா பின்வாசல் வழியா ஓடுங்க."

"எப்ப ஓடணும்?"

"அது உங்களுக்குத் தெரியணும்."

வெளியே போனாள்.

தாரணி ஒரு வாய் வைத்தாள். காது முழுவதும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தெருவில் காலடி கேட்டது. படியேறியது. வாசலில் ஏதோ சத்தம்.

தட்டை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் பாய்ந்தாள்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அமலோற்பவம் தட்டின் பக்கத்தில் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கு ஓடினீங்க?"

"நீங்க வந்தீங்களே."

"வந்தா ஓடணுமா? சோறு ஆறிப்போச்சு பாருங்க. இனிமே இன்னைக்குக் கிடைக்காது." தட்டை எடுத்துக்கொண்டு போய், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொண்டுவந்து வைத்தாள். "பழகுற வரைக்கும் கிடைக்கும். உக்காருங்க."

மறுபடி வெளியே போனாள்.

மறுபடி காலடி. மறுபடி படி. இந்தத் தடவை தாரணி அசையவில்லை. பசி. குழம்பு வேறு நன்றாக இருந்தது. ஒரு கவளத்தை உருட்டி வாயருகே கொண்டுபோனாள்.

தட்டு பறந்தது.

சோறு சுவரில் அடித்துச் சிதறியது. உதைத்த கால் அவள் முகத்துக்கு எதிரே நின்றது. தாரணி கத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அமலோற்பவத்தின் முகத்தில் கோபம் இல்லை. அது வேறு யாருடைய முகமோ போல இருந்தது. பிறகுதான் மெதுவாக அவளுடையதாயிற்று.

"மொத தடவ ஓடினீங்க, பட்டினி. ரெண்டாவது தடவ உக்காந்தீங்க. அடி."

"எனக்கு எப்படித் தெரியும்?" தாரணி கன்னத்தில் ஒட்டிய சோற்றைத் துடைத்தாள். "ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதானே வந்தீங்க?"

"மொத தடவ செருப்பக் கழத்திட்டு வந்தேன்."

தாரணி குனிந்து பார்த்தாள். செருப்பு காலிலேயே இருந்தது. தரையில் சோற்றின் மேல் அதன் தடம் பதிந்திருந்தது.

"எங்க ஐயா நல்லா இருக்குற அன்னைக்குச் செருப்ப வாசல்ல கழத்திட்டுத்தான் உள்ள வருவாவ" என்றாள் அமலோற்பவம். "ரெண்டு சத்தம் கேக்கும். கேட்டா உக்காந்து சாப்பிடலாம்."

அப்பாவைப் பற்றி அப்போதும் வருவாவ என்றுதான் சொன்னாள். அந்த மரியாதை அவள் வாயைவிட்டுப் போகவே இல்லை.

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னு தெரியுற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தா லேட்டு."

அமலோற்பவம் கவிழ்ந்த தட்டை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"படியில நிக்குற கால் கொஞ்சம் தயங்கும் பாருங்க. சத்தம் வரப்போகுதா, வரப்போறது இல்லையான்னு அதுக்குள்ள தெரிஞ்சிரணும். பெறகு பந்தயத்துல செட்டுன்னு சொல்லிட்டு துப்பாக்கி வச்சிருக்குற ஆளு சும்மா நிப்பான்ல, எல்லாரும் துப்பாக்கிக்குக் காத்துக்கிட்டு இருப்பாளுவ. நான் எங்க வீட்டுல உக்காந்துருப்பேன்."

"அப்படின்னா வெடிக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட மாட்டீங்களா? பந்தயத்தை விட்டே வெளியே அனுப்பிடுவாங்களே."

"ஒரு தடவ அனுப்பினாவ. டெல்லியில."

"ஸ்கிரிப்ட்ல கால்ல அடிபட்டு விலகினதா இருக்கு."

"கால் நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ஒரு பந்தயத்தப் பாக்கத்தான் ஐயா வந்திருந்தாவ."

இருவரும் சோற்றைப் பொறுக்கத் தொடங்கினார்கள்.

"இதை டைரக்டர்கிட்ட சொல்லுங்க மேடம். ரெண்டு நாள் இருக்கு. மாத்திடலாம். இல்ல, நான் சொல்றேன்."

"சொல்லக் கூடாது."

"ஏன்? இப்ப உங்களை யார் என்ன செய்ய முடியும்?"

"என்னையா?" அமலோற்பவம் துணியால் தரையைத் துடைத்தாள். "எங்க அம்ம இன்னும் அந்த வீட்டுலதான் இருக்கா."

வியாழக்கிழமை உப்பளத்து ஓரத்தில் குடிசை செட் போட்டிருந்தார்கள். உண்மையான குடிசையைவிட அது அழகாக இருந்தது.

அமலோற்பவம் வரவில்லை. மைதானத்தில் வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுடைய அப்பா சூசை வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. இயக்குநர் பொன்னாடை போர்த்தி, கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அடுத்த நாற்காலியில் சூசையின் மனைவி சவேரியம்மாள். வந்ததிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை. கொடுத்த காப்பியைச் சூசை குடிக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் குடித்தாள்.

காட்சி இதுதான். விடியற்காலை. அப்பா கேப் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கிறார். மகள் செங்கற்களில் காலை ஊன்றிக் குனிந்திருக்கிறாள். வெடிக்கிறார். மகள் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள்.

டூப்பாக நடிக்கும் பெண்ணும் அதே பாவாடையில் தயாராக நின்றாள்.

"ஒரே ஒரு டேக் தரேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது" என்றார் இயக்குநர்.

தாரணி குனிந்தாள்.

"செட்" என்றார் அப்பாவாக நடித்தவர்.

யூனிட் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த அமைதியில் தாரணி எதற்கும் காத்திருக்கவில்லை. வெடித்ததும் அவள் கிளம்பியதும் ஒன்றாகவே நடந்தன.

நிற்க வேண்டிய இடத்தில் அவள் நிற்கவில்லை. வரப்பைத் தாண்டி, உப்புக் குவியல்களைத் தாண்டி, ரோட்டுக்கே போய்விட்டாள். உதவி இயக்குநர் பைக்கில் போய் அழைத்துவந்தார்.

இயக்குநர் மானிட்டரில் மறுபடி மறுபடி பார்த்தார். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"இதுதாங்க! இதைத்தாங்க நாலு மாசமா கேட்டேன்! சிரிக்கத்தான் மறந்துட்டீங்க. பரவால்ல, மியூசிக்ல சரி பண்ணிக்கலாம்."

டூப் பெண் உடை மாற்றப் போய்விட்டாள்.

சூசை எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை. தாரணியின் தலையில் கை வைத்தார்.

"எம் மவளையே பாத்த மாதிரி இருந்துச்சு தாயி. இப்பிடிக் கிளம்ப ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான்யா."

எல்லோரும் கை தட்டினார்கள். சூசையும் தட்டினார்.

சவேரியம்மாள் தலை நிமிர்ந்து தாரணியைப் பார்த்தாள்.