காறித் துப்ப உத்தரவு கேட்ட செண்பகவடிவு அம்மையார்

காலையில் வடக்கத்தி அம்மன் கோயில் வாசலைப் பெருக்கிக் கோலமிடுவார். பிறகு பொழுது சாயும் வரை மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுவார் செண்பகவடிவு அம்மையார். புகையிலைத் தூசி அவருக்கு. புகை அவர் கணவர் கோமதிநாயகத்துக்கு.

ஒரு மாசியில் இருவருக்கும் இருமல் கண்டது. கோமதிநாயகம் இருமினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். சொந்தக்காரர்கள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காசநோய் என்று தெரிந்து மாத்திரையும் தொடங்கியது. அம்மையாரோ முந்தானைக்குள் இருமினார். "பீடித் தூசிதான், வெந்நி குடி" என்று ஊர் சொல்லிவிட்டது. இது எந்த ஊர் நியாயமோ! ரவிக்கை தொளதொளத்தது, முந்தானையில் ரத்தமும் கண்டது. அப்போதும் கோலம் தவறவில்லை.

கணவருக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், நர்ஸ் ஜெபராணி அவரைக் கவனித்துச் சளிக்கு ஒரு டப்பா கொடுத்தார். அம்மையார் வாயைக் கொப்பளித்து, தெளிந்த எச்சிலை இட்டு, மூடிமேல் குங்குமமும் வைத்துத் தந்தார். நோயில்லை என்று வந்தது. மறுமுறையும் அப்படியே.

"யக்கா, இது வெறும் எச்சி. நெஞ்சுச் சளி வேணும். நல்லா காறித் துப்புங்க."

"இத்தன ஆம்பளயாளுக முன்னால பொம்பள காறுவாளாம்மா?"

"ஒங்க வீட்டுக்காரரு காறுனாரே!"

"அவுக ஆம்பள."

வழக்கு அம்மனிடம் போயிற்று. சிலையின் வலப்புறத்துப் பூ விழுந்தால் உத்தரவு என்பது அங்கு வழக்கம். "தாயே, நீயும் பொம்பளதான. காறலாமா, கூடாதா?" என்று கண்மூடி நின்றார். மூன்று மாதமாக விழுங்கிய இருமல் அங்கேதானா பொங்க வேண்டும்! விளக்கு அணைந்தது. வலப்புறத்துச் செவ்வரளி பொத்தென்று விழுந்தது.

"அம்மா குடுத்தாளா, நீ இருமுன காத்துல விழுந்துச்சான்னு தெரியலயே!" என்றார் பூசாரி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

அம்மையாருக்குத் தெரிந்தது. பூவைக் கொண்டையில் செருகி, நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தார். வரிசையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் பார்க்க, முற்றத்து வேப்பமரத்தடியில் நின்று அடிவயிற்றிலிருந்து காறி டப்பாவில் துப்பினார். காக்கைகள் பறந்தன.

"இதத்தான்க்கா கேட்டேன்!" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார் ஜெபராணி.

நோய் தெரிந்தது. ஆறு மாதம், தினமும் அம்மையார் மாத்திரையை விழுங்கும்வரை கோமதிநாயகம் தண்ணீர்ச் செம்போடு எதிரே நின்றார். பூசாரியையும் சோதித்தார்கள், அவருக்கு ஒன்றுமில்லை, பயம்தான்.

அம்மையார் தேறினார். அம்மன் பூ தந்ததற்குச் சாட்சி கேட்பவர்கள் அவர் கன்னத்துச் சதையைப் பார்த்துக்கொள்ளட்டும். தெய்வம் சொன்னால் வெட்கத்தையும் துப்பிவிடத் துணிந்த அந்தத் தாயின் நெஞ்சு நெடுங்காலம் நலமாயிருக்க!