‘ச’ வராத நாக்கு

மலையடிவாரத்து ஆசிரமத்தில் ஒரு சிறு பள்ளி இருந்தது. அதை வேதவல்லி நடத்திவந்தாள். கணவன் இறந்த பின் குருவிடம் வந்து சேர்ந்தவள்.

ஒரு நாள் மதியம் குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வேதவல்லி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“ஐயா, பொன்னரசி நாலு நாளா வாயே திறக்கல.”

பொன்னரசிக்கு ஆறு வயது. நாக்கு பல்லுக்கு வெளியே நீள்வதால் ‘ச’ அவளுக்குத் ‘த’ என்றே வரும். சூரியனைத் தூரியன் என்பாள். தன் பெயரைப் பொன்னரதி என்பாள்.

“என்ன நடந்தது?”

“பிள்ளைங்க முன்னாடி நிக்க வெச்சு, பேரைச் சரியாச் சொல்ற வரைக்கும் உட்காரக் கூடாதுன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ அழல. அதுக்கப்புறம் பேசவும் இல்ல. தப்பைத் திருத்தினது தப்பா, ஐயா?”

குரு கையிலிருந்த கீரையைத் தட்டில் வைத்தார்.

“எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. தையல்நாயகின்னு பேரு. அவளுக்கும் இதே நாக்குதான். அப்போ அவளுக்கு ஏழு வயசு, எனக்குப் பதினாறு. தப்பாச் சொல்லும்போதெல்லாம் தலையில குட்டுவேன். வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி, திரும்பச் சொல்லுன்னு நிக்க வைப்பேன்.”

“திருந்தினாங்களா?”

“ஆறே மாசம். அப்புறம் ஒரு வார்த்தைகூடத் தப்பா வரல. அப்பா என்னை மெச்சிக்கிட்டார்.”

வேதவல்லியின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் கவனிச்சேன். அவ சேலையைப் புடவைன்னா. சந்தையைக் கடைத்தெருன்னா. பசிக்குதுன்னு அவ சொல்லி நான் கேட்டதே இல்ல.”

“அந்த எழுத்து வர்ற வார்த்தை எதையுமே சொல்லலையா?”

“சொல்லல. சுத்திக்கிட்டுப் போயிருக்கா. அவ திருந்திட்டான்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம்.”

“வேற வழி இருந்திருக்குமா, ஐயா?”

“இருந்தது. பல்லை மூடிக்கிட்டுப் பாம்பு மாதிரி சீறி விளையாடணும். நாக்கு மெல்ல உள்ளே நிக்கப் பழகும். கூட விளையாட ஒருத்தர் வேணும், அவ்வளவுதான்.”

கீரையை மறுபடியும் எடுத்தார். ஆயவில்லை.

“தையல்நாயகிக்குக் கல்யாணமாச்சு. ஒரு பொண்ணு பிறந்தா. மாமியார் செண்பகம்னு பேரு வெச்சாங்க. தையல் மட்டும் பாப்பான்னே கூப்பிட்டா. பதினெட்டு வயசுலயும் பாப்பாதான்.”

வேதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அடுத்த வருஷம் தையல் படுத்துட்டா. நான் போய்ச் சேர்ந்தப்போ காய்ச்சல்ல நினைவு தப்பியிருந்தது. கண்ணைத் திறக்காமலே கூப்பிட ஆரம்பிச்சா. தெண்பகம், தெண்பகம்னு. அந்தப் பொண்ணு பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா. என்னைப் பார்த்து, ‘மாமா, அம்மா யாரைக் கூப்பிடுறாங்க?’ன்னு கேட்டா.”

வேதவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க என்ன சொன்னீங்க, ஐயா?”

“‘உன்னைத்தாம்மா’ன்னேன். அவ குனிஞ்சு, ‘நான் இங்கேதான் இருக்கேம்மா’ன்னு காதுல சொன்னா. திரும்பத் திரும்பச் சொன்னா. தையலுக்கு அது கேட்டுச்சான்னு எனக்குத் தெரியல.”