தேரிக்குள்ள போன மோட்டார்

ஒரு ஊர்ல ஒரு மோட்டார் வண்டி இருந்துச்சு. வண்டி இருந்துச்சே தவிர ரோடு இல்ல. சிரிக்காத, நெசமாத்தான் சொல்லுதேன். நீ "ம்" கொட்டுனாத்தான் அத்தை வண்டிய எடுப்பேன்.

ம்... அப்படி வா வழிக்கு.

அது பண்ணையார் வண்டி. ஓட்டுறவன் பேரு துரைப்பழம். தன் துண்டாலயே அதத் தொடச்சுத் தொடச்சு வப்பான். யாராவது தொட்டா, "ஏய், கைய எடு"ம்பான். அவ்வளவு பவுசு. அவன் பொண்டாட்டி ஞானக்கனி. அவளுக்குப் பிள்ளவலி வந்துட்டு. வலி வருது, ஓயுது, வருது, ஓயுது, பிள்ள மட்டும் வரல. அப்போ ஊரு மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. "பிள்ள குறுக்க கெடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ரெண்டு உசுரும் தப்பும். இல்லன்னா ரெண்டும் போயிரும்"னுட்டா.

ஆஸ்பத்திரி தேரிக்கு அந்தப் பக்கம். தேரின்னா ஒரே செம்மண்ணு மேடு, இடையில இடையில பனை. மாட்டுவண்டியில சுத்திப் போனா மறுநா விடிஞ்சிரும். பண்ணையார் ஊர்ல இல்ல. துரைப்பழம் யாருட்டயும் கேக்கல. பொண்டாட்டியப் பின்சீட்டுல படுக்க வச்சான். அவன் ஆத்தா பூரணம் அவ தலைய மடியில தாங்கிக்கிட்டா. அப்புறம் முன்னால போயி கைப்பிடியச் சுத்துனான். ட்ருக்... ட்ருக்... டமடமடமடம! குறுக்க தேரிக்குள்ளயே விட்டுட்டான். நல்ல உச்சி வெயிலு.

கொஞ்சந்தூரம் போச்சு. அப்புறம் சக்கரம் சர்ர்ர்னு நின்ன எடத்துலயே சுத்துது. சுத்தச் சுத்தக் குழி. துரைப்பழம் குதிச்சான். மண்ணுல பொதையாம இருக்க டயருல பாதிக் காத்த எறக்குனான், புஸ்ஸ்ஸ்னு. ஆத்தா காவோலையப் பொறக்கிட்டு வந்து சக்கரத்துக்கு முன்னால போட்டா. வண்டி ஓலை மேல ஏறும், தாண்டும். பின்னால கெடக்குறத இழுத்துட்டு ஓடியாந்து மறுபடி முன்னால போடுவா. மட்டையில கருக்கு இருக்கும்லா, ரம்பம் கணக்கா? கையெல்லாம் ரத்தம். உள்ள ஞானக்கனி ஒத்தையில படுத்துக்கிட்டு, "யம்மா... யம்மா..."ங்கா.

முழிச்சிருக்கியா?

ம்... சரி.

அப்புறம் எதுக்க ஒரு மேடு. போன மாசம் அங்க மேடே கெடையாது. காத்து கொண்டாந்து கொட்டிட்டு. வண்டி உர்ர்ர்னு ஏறுது, வழுக்குது. ஏறுது, வழுக்குது. அந்தக் காலத்து வண்டிக்கு முன்னால போற தெம்பை விடப் பின்னால போற தெம்பு கூட. அதனால துரைப்பழம் வண்டியத் திருப்பி, பொடதியக் காட்டியே ஏத்துனான். கழுத்தைத் திருப்பிக்கிட்டு, பொண்டாட்டி மொகத்தைப் பாத்துக்கிட்டே ஏத்துனான். அவ பல்லக் கடிச்சுக்கிட்டு, "என்னய இங்கனயே எறக்கிப் போட்ருங்க"ன்னா. "வாய மூடு"ன்னான். சொல்லும்போதே அழுதுட்டான்.

ஏறிட்டு. ஆனா ஏறுனதும் வண்டி முன்மூடிக்குள்ள இருந்து புகை. கொதகொதகொத! ரேடியேட்டர்ல தண்ணி இல்ல. கொண்டு வந்த பானைத் தண்ணியையும் ஊத்தியாச்சு, அதையும் வண்டி குடிச்சிட்டு. சுத்திலும் பொட்டுத் தண்ணி கெடையாது. அப்போ நிமிந்து பாத்தான். பனை மேல கலயம் தொங்குது. கலயத்துல பதநி. சடசடன்னு ஏறி எறக்கிட்டு வந்து, மடமடன்னு ரேடியேட்டருக்குள்ள கவுத்துட்டான்.

"ஏலே, பதநியவா ஊத்துத!"ன்னா ஆத்தா.

பதநியக் காய்ச்சுனா என்னாவும்? நீயே சொல்லு. ஆமா, கருப்பட்டி! அந்த மண்ணுலயே பொறந்தவன், அவனுக்குத் தெரியாதா? பதட்டம். கொஞ்சந்தூரம் வண்டி ஓடுச்சு. அப்புறம் குபுகுபுன்னு பொங்கி, வத்தி, பாகாகி, குழாயில அடைச்சு, தீஞ்சு... டொக்! வண்டி நின்னுட்டு. தேரி பூரா தீஞ்ச பதநி வாசம்.

வண்டிச் சத்தம் நின்ன பொறவுதான் தெரிஞ்சுது, ஞானக்கனி சத்தமும் நின்னு போச்சுன்னு. கண்ணு சொருகுது.

அப்போ மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கத்தல். "எவடி அவ, அடுப்ப விட்டுட்டுப் போனவ? பதநி தீயிது!"

யாரு தெரியுமா? சுடலைவடிவு. பக்கத்துல விடிலின்னு ஓலைக் குடிசை போட்டுப் பதநி காய்ச்சுறவ. தீஞ்ச வாசம் வந்தா அவளால இருக்க முடியாது. திட்டிக்கிட்டே ஓடியாந்தா. பின்னாலயே நாலஞ்சு பொம்பளைக, கையில பதநி கிண்டுத துடுப்போட. வந்து பாத்தா அடுப்பும் இல்ல, பானையும் இல்ல. மோட்டாரு. உள்ள பிள்ளத்தாச்சி.

சுடலைவடிவு ஒரு வார்த்த கேக்கல. "இந்தச் சீட்டைப் பிடுங்கு, கட்டிலாத் தூக்குவோம்"ன்னா.

"ஐயோ, பண்ணையார் வண்டி..."ன்னான் துரைப்பழம்.

ஞானக்கனி லேசாக் கண்ணத் தொறந்து அவனப் பாத்தா. அவ்வளவுதான். ஓங்கி மிதிச்சான் பாரு... மடார்! மடார்! சீட்டு தனியா வந்துட்டு.

தூக்கிக்கிட்டு ஓடுறாவ. மண்ணு கொதிக்கி. கால்ல செருப்பு கெடையாது. ஓலையப் போடுவாவ, அது மேல நின்னு கால ஆத்துவாவ, மறுபடி ஓடுவாவ. "பிள்ள தாங்கிக்கோ, தாங்கிக்கோ"ன்னு சொல்லிக்கிட்டே ஓடுறாவ.

ஞானக்கனிய உள்ள கொண்டு போனதும் ஆஸ்பத்திரிக் கதவு சாத்திட்டு. அம்புட்டுப் பேரும் வெளிய வேப்பமரத்தடியில நிக்காவ. ஒருத்தியும் வீட்டுக்குப் போவல. பொழுது சாயிது. சத்தமே இல்ல. சத்தமே இல்ல. அப்புறம்...

ஙே!

நர்சம்மா வந்து, "ரெண்டு பேரும் பொழைச்சுட்டாவ, பொம்பளப் பிள்ள"ன்னா.

துரைப்பழம் அப்படியே மண்ணுல உக்காந்துட்டான். அப்பத்தான் அவனுக்கு நெனப்பு வந்துச்சு. "யக்கா, அடுப்ப அப்படியே போட்டுட்டு வந்துட்டியளே. ஒங்க பதநியெல்லாம் தீஞ்சிருக்குமே!"

சுடலைவடிவு வெந்த கால ஊதிக்கிட்டே சொன்னா: "தீயட்டும்லே. பன நாளைக்கும் சொரக்கும். இவ திரும்பக் கெடைப்பாளா?"

ம் கொட்டல பாரு. தூங்கிட்டியா? சரி, கதை கரையேறிட்டு, நீயும் கண்ண மூடிக்கோ கண்ணு.